பதினெட்டு நிமிடக் கூட்டம்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். வலது கையைத் தூக்கி, இடது கையைக் காப்பிக் கோப்பையிலிருந்து எடுத்துவிட்டுச் செய்கிற முழுச் சத்தியம். எங்காவது பிசகினால் இந்தக் கடற்கழியிலுள்ள ஹெர்ரிங் மீன்கள் அத்தனையும் சேர்ந்து என்மீது வழக்குப் போடட்டும்.

இந்தக் கடற்கழியின் கரையிலுள்ள ஹெல்விக்கில் ஹால்வார் என்பவனுக்கு ஒரே மகள், பெயர் தீரில். பதினொரு வயது. ஆட்டிசம் என்று ஆறு வயதிலேயே தெரிந்துவிட்டது. அதற்காக வீட்டில் யாரும் கலங்கிவிடவில்லை. ஒரே சாம்பல்நிறக் கம்பளிச் சட்டை, ஒரே கிண்ணம், பள்ளிக்குப் போக ஒரே பாதை, அதுவும் வேலியோரமாக. குடும்பம் அவளுக்கேற்றபடி வளைந்துகொண்டது. அவளும் தன்னால் முடிந்த அளவுக்கு ஊருக்கேற்றபடி வளைந்துகொண்டாள்.

ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்புகளுக்கு நடுவிலிருந்த சுவர்களை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். பிள்ளைகள் கலந்து பழக வேண்டுமாம். அறுபத்திரண்டு பிள்ளைகள், அறுபத்திரண்டு நாற்காலி இழுபடும் சத்தம். செப்டம்பரில் தீரில் பள்ளிக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவதை. பிறகு வெளியாட்களிடம் பேசுவதை. அக்டோபரில் தூக்கமும் போயிற்று. ஒருநாள் காரின் பின்சீட்டிலிருந்து, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

“நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் சத்தம் கொறையும்ல, அப்பா?”

அன்றிலிருந்து ஹால்வாருக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. அவன் சால்மன் பண்ணையில் மீனுக்குத் தீனி விழுவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்காரன். எட்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பழகிய உடம்பு. இப்போது உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். வீட்டுக் கத்திகளையும் மாத்திரைகளையும் பெட்டியில் பூட்டினான். பூட்டியதை மூன்று முறை இழுத்துப் பார்த்தான். மகள் படுத்தபின் அவள் அறைக் கதவுக்கு வெளியே தரையில் இருந்தான். டாக்டர் அவனுக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் ‘களைப்பு’ என்று எழுதியிருந்தார். கடலைப் பார்த்து ‘ஈரம்’ என்று எழுதினதைப்போல. மனைவி மாரென் முதியோர் இல்லத்தில் தாதி. இருவரும் சந்தித்துக்கொள்வது வாசலில், ஒருவர் காலணியைக் கழற்றி இன்னொருவர் மாட்டுகிற நேரத்தில்தான்.

குழந்தைகளுக்கான மனநல மருத்துவமனை கடற்கழிக்கு அக்கரையில், ஸ்டோர்நெஸ் துறையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே. ஒன்பது வாரம் காத்திருந்து கிடைத்த முதல் சந்திப்புக்கு நவம்பர் கடைசியில் மகளைக் காரில் வைத்துக்கொண்டு ஃபெரியில் ஏறினான் ஹால்வார். கடப்பதற்குப் பதினெட்டு நிமிடம். மேலே பயணிகள் கூடத்தில், ஜன்னலோர பெஞ்சில், இயந்திரத்தின் அதிர்வு மரத்தின் வழியாக மேலே வருகிற இடத்தில் தீரில் கன்னத்தை வைத்தாள். தூங்கிவிட்டாள். அதுவரை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் தூங்காதவள்.

அக்கரை வந்தது. அவன் கார் வரிசையில் முதலாவது. பின்னாலிருந்தவர்கள் ஹாரனைத் தொடவில்லை. அந்த ஊரில் அதைவிடக் கொடுமையாக, பொறுமையாகக் காத்திருந்தார்கள். காரை இறக்கித் துறையிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து மறுபடி ஏறிக்கொண்டான். தீரில் நான்கரை மணி நேரம் தூங்கினாள். சந்திப்பு போயிற்று.

மருத்துவமனையிலிருந்து கடிதம் வந்தது: நேரில் வரவில்லை. அடுத்த நேரம் டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளி, பகல் ஒரு மணி. அன்றும் வராவிட்டால் பரிந்துரை முடித்துவைக்கப்படும். அதாவது மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். இன்னொரு ஒன்பது வாரத்தை மகள் தாங்குவாளா என்ற கேள்வியை ஹால்வார் மனதுக்குள்கூட முழுதாகக் கேட்டதில்லை.

அதற்குப் பின் தினமும் காலையில் தீரில் தானாகவே காலணி மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஃபெரிக்கு. ஏறுவாள், பெஞ்சில் படுப்பாள், இரண்டு மணிவரை போய்ப் போய் வருவாள். அக்கரையில் மட்டும் இறங்கமாட்டாள். இறங்கச் சொன்னால் சட்டையின் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொள்வாள். ஃபெரியின் சிற்றுண்டிக் கடைக்காரி ஓட்னி சுடுகிற ஸ்வெலெ என்ற தடித்த இனிப்புத் தோசையில் பாதி சாப்பிட்டாள். வெண்ணெய் கூடாது, மடிக்கக் கூடாது. மிச்சப் பாதியை ஒரு கடல்காகம் தின்றது. அது தின்று தின்று பெருத்துப் பறக்கமுடியாமல் போய், பிற்பாடு மற்றவர்களைப்போலவே சரிவுப்பலகை வழியாக நடந்து ஏறி நடந்து இறங்கிக்கொண்டிருந்தது.

ஹால்வார் மருத்துவமனைக்குப் போன் செய்தான். உளவியலாளர் பேர் வெபியோர்ன்.

“நீங்க ஃபெரிக்கு வர முடியுமா?” என்றான்.

“மொதல் சந்திப்பு பதிவான அறையிலதான் நடக்கணும், ஹால்வார். அதுக்கப்புறம்னா யோசிக்கலாம்.”

“அவ அந்த அறைக்கு வர்ற அளவுக்கு நல்லா இருந்தா, நான் உங்களக் கூப்பிட்டிருக்கவே மாட்டேனே.”

வெபியோர்ன் கெட்டவர் இல்லை. கடைசியில், பள்ளி, மருத்துவமனை, ஊராட்சி என்று மூன்று இடத்திலிருந்தும் தீரிலுக்காகக் கூடுகிற ஏழு பேர் குழுவை வெள்ளிக்கிழமை காலை ஃபெரியிலேயே கூட்டுவது என்று முடிவாயிற்று. பத்து மணிக்குக் கூடிப் பேசி, அவளை மெதுவாக இறக்கி, எல்லாருமாக ஒரு மணிக்குள் மருத்துவமனைக்குப் போய்ச் சேருவது திட்டம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு பேரும் வந்தார்கள், ஏழு மின்சாரக் கார்களில். ஒரே ஊரிலிருந்து, ஒரே தெருவிலிருந்துகூட இருவர் தனித்தனியாக. அழைக்காமல் இன்னொருவர் காரில் ஏறுவது அங்கே மரியாதை இல்லை. அழைப்பது அதைவிட மோசம். அழைக்கப்பட்டவர் மறுக்க நேர்ந்துவிட்டால்? ஏழு பேரிடமும் வெண்ணெய்த்தாள் இடுக்கிய ரொட்டிப் பொட்டலம் ஏழு இருந்தது.

ஹால்வார் அதற்குள் மேல்தளத்தைச் சுற்ற ஆரம்பித்திருந்தான்.

“நேத்து வலையில மாட்டுன மீனுகூட உன்னவிடத் தெளிவா முழிக்கும்டா,” என்றாள் ஓட்னி. “உக்காரு.”

“உக்கார முடியல, ஓட்னி.”

“அப்ப கால்ல ஒரு ஈரத்துணியக் கட்டிக்க. டெக்காவது சுத்தமாகும்.”

தீரில் படுத்திருந்த பெஞ்சுக்கு அடுத்த மேஜையில் குழு உட்கார்ந்தது. தலைமை தாங்கியவள் கூரூ என்ற ஒருங்கிணைப்பாளர்.

“மொதல்ல ஒரு சுத்து அறிமுகம் பண்ணிக்கலாமா?” என்றாள். “பேரு, பொறுப்பு, இன்னிக்கு என்ன எதிர்பாக்குறீங்க. சுருக்கமா.”

சுருக்கமான அறிமுகம் பதினாறு நிமிடம் ஓடியது. ஃபெரி அக்கரையைத் தொட்டது. கீழேயிருந்து தளத் தொழிலாளி தொர்ஃபின் படியேறி வந்தான்.

“காருக்குப் போங்க எல்லாரும்! ஏறுன காரு எறங்கணும்!”

“நாங்க மீட்டிங்ல இருக்கோம்,” என்றாள் கூரூ.

“நீங்க இருக்கீங்க. உங்க காரு இல்லையே.”

ஏழு பேரும் கீழே ஓடி, ஏழு கார்களையும் இறக்கி, துறையிலுள்ள வட்டத்தைச் சுற்றி, வரிசையின் வாலில் நின்று, மறுபடி ஏற்றினார்கள். மூச்சு வாங்க மேலே வந்தபோது மேஜையில் எட்டாவதாக ஒருவர் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு பிளம்பர். ஸ்டோர்நெஸ்ஸில் விட்டுவந்த கருவியை எடுத்துக்கொண்டு ஹெல்விக்குக்குத் திரும்புகிறவர். புதுமுகம் இருந்தால் அறிமுகம் செய்யாமலிருப்பது அநாகரிகம் அல்லவா? கூரூ இரண்டாவது சுற்றைத் தொடங்கினாள். பிளம்பரின் முறை வந்தது.

“எனக்கா? எதிர்பார்ப்பா?” என்று அவர் யோசித்தார். “நான் வேலை செய்யற வீட்டுல கொழந்த இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சூடு வந்துரணும். அவ்வளவுதான்.”

“இதவிட அழகா யாரும் சொல்லல,” என்றார் பள்ளித் தலைமையாசிரியர். கூரூ எழுதிக்கொண்டாள். அன்றைய கூட்டக் குறிப்பு நாற்பத்தாறு பக்கம். நாற்பத்து மூன்று பக்கம் அறிமுகம்.

மூன்றாவது கடப்பில் பள்ளிச் செவிலியின் கார் துறையிலேயே விடுபட்டுப்போயிற்று. ஐந்தாவதில் அவள் வந்து சேர்ந்தாள். தவறவிட்டதை அவளுக்கு வாசித்துக் காட்டினார்கள். பிளம்பரும் அதுவரை ஹெல்விக்கில் இறங்கவேயில்லை. கூட்டம் என்ன முடிவு செய்யப்போகிறது என்று அவருக்கு ஆவல் வந்துவிட்டது.

“பிள்ளையோட குரல் இந்த மேஜையில கேக்கணும்,” என்றார் தலைமையாசிரியர், பிள்ளை இருந்த பக்கம் திரும்பாமல்.

தீரில் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். ஹால்வார் சுற்றினான். மணிக்கட்டில் கட்டியிருந்த கருவி பதினேழாயிரம் காலடி என்று சொன்னது. ஃபெரியின் நீளம் அறுபது மீட்டர். ஒவ்வொரு கரையிலும் மாரெனின் போன் வந்தது.

“எறங்கினாளா?”

“இல்ல.”

“பேசினாளா?”

“இல்ல.”

“நீ சாப்பிட்டியா?”

“மாரென், வெச்சிரு.”

பதினொன்றே முக்காலுக்குக் காற்று எழுந்தது. ஏழாவது கடப்பில் ஸ்டோர்நெஸ் துறையை இரண்டு முறை நெருங்கி இரண்டு முறையும் ஃபெரி விலகியது. ஒலிபெருக்கியில் கேப்டன், சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில், இப்போதைக்கு எந்தக் கரையிலும் கட்டமுடியாது, நடுக்கழியில் சுற்றிக்கொண்டிருப்போம் என்றார். அந்தக் காற்றின் வேகத்துக்கு ஹெல்விக் தேவாலயத்தின் உச்சியில் காற்றுத்திசை காட்டும் உலோகச் சேவல் கழன்று பறந்து வந்து, ஃபெரியின் முன்தளத்தில் குத்திட்டு நின்று, அங்கேயும் சரியான திசையைக் காட்டியது.

கார் இறக்கும் வேலை நின்றது. இப்போது கூட்டத்துக்கு வேண்டிய நேரம் இருந்தது. ஆனால் ஃபெரி ஆடிய ஆட்டத்தில் தலைசுற்றி, பேச ஒருவருக்கும் தெம்பில்லை. மேஜையிலிருந்து ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். பிளம்பர் மட்டும் தலைமையாசிரியரின் ரொட்டிப் பொட்டலத்தையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

மணி ஒன்றானது. ஹால்வார் சுவர்க் கடிகாரத்தின் கீழே நின்றான். ஒன்று ஐந்து. ஒன்று பத்து.

“பரிந்துரைய எப்ப மூடுவாங்க?” என்று வெபியோர்னிடம் கேட்டான்.

வெபியோர்ன் தரையில் உட்கார்ந்திருந்தார். தரைதான் கொஞ்சம் குறைவாக ஆடியது. தீரிலின் பெஞ்சுக்குக் காலடியில், மடியில் காகிதப் பையோடு இருந்தவரின் முகம் வெந்த காட் மீனாக வெளுத்திருந்தது. “கம்ப்யூட்டரே மூடிரும்,” என்றார். “ரெண்டு மணிக்கு. வந்தாள்னு நான் பதிஞ்சாலொழிய.”

“அப்ப பதியுங்க!”

“பாத்துப் பேசாம எப்படி...” என்று தொடங்கியவர் பையைப் பிரித்து முகத்தை வைத்துக்கொண்டார்.

ஹால்வார் கடிகாரத்துக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தான். கதவைத் திறந்தால் கடல். வேறு எங்கும் போக வழியில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடிப்போக வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

“மேஜையப் பாக்காத,” என்றது ஒரு குரல். “வெளிய அந்தப் பச்சை வெளக்கப் பாரு. பாறைமேல இருக்கு. அது ஆடாது.”

ரேடியோ என்றுதான் ஹால்வார் முதலில் நினைத்தான். வெபியோர்ன் தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே விளக்கைப் பார்த்தார். அவருடைய சட்டைப்பையில் முதல் சந்திப்புக்கான பன்னிரண்டு கேள்விகள் இருந்தன. முதல் கேள்விக்காக வாயைத் திறந்தார். கேள்வி வராமல் வேறு ஏதோ வந்தது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை வாயை மூடிக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஒரு பிள்ளைக்கு முன்னால் அவர் அவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றுதான்.

“நல்லாருக்கா?” என்றாள் தீரில், தொப்பியைக் கொஞ்சம் விலக்கி.

“கொஞ்சம்.”

“பேசாத. பேசினா திரும்ப வரும்.” அவளே தொடர்ந்தாள். “எனக்கு ஸ்கூல்ல இப்படித்தான் இருக்கும். வாந்தி வராது. ஆனா இப்படித்தான். எல்லாம் ஆடும், எதப் பாக்குறதுன்னு தெரியாது. இங்க எஞ்சின் சத்தம் எல்லாத்தையும் மூடிரும். தலைக்குள்ள இருக்கறதயும்.”

ஹால்வார் நின்ற இடத்திலேயே நின்றான். நின்றது கடிகாரத்துக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும்.

“தலைக்குள்ள என்ன இருக்கும்?” என்று கேட்டார் வெபியோர்ன், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நான் இல்லாமப் போனா நல்லதுன்னு.”

“சாகணும்னு தோணுதா?”

“காலைல தோணும். இங்க வந்தா கொறையும்.”

“எப்படி, எப்பன்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?”

“இல்ல. யோசிக்கவும் தெம்பில்ல.”

“சரி. சொன்னதுக்கு நன்றி. இத நீ தனியாத் தூக்கிட்டுத் திரிய வேண்டாம், தீரில். வேற யாருக்குத் தெரியும்?”

“அப்பாவுக்கு. அவரு என் கதவுக்கு வெளிய தரையில உக்காந்திருப்பாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பாரு. மூச்சு கேக்கும். நான் தூங்கிட்டா அவரு போய்ப் படுப்பாருன்னு தூங்குற மாதிரி நடிப்பேன். அவரு எனக்குக் கேக்கக் கூடாதுன்னு அசையாம இருப்பாரு. அதனால நான் தூங்க மாட்டேன். தினமும் இதே வேலை. ரெண்டு பேரும்.”

வெபியோர்ன் மெதுவாகத் திரும்பி ஹால்வாரைப் பார்த்தார்.

“எத்தன நாளா நீங்க படுக்கல?”

“தெரியல,” என்றான் ஹால்வார். “ஒம்பது வாரமிருக்கும். படுத்துட்டா, அந்த நேரத்துல ஏதாவது...”

“இன்னிக்கு வீட்டுக்கு ரெண்டு பேர் வருவாங்க. வீட்டுலயே வந்து பாத்துக்கறவங்க, எங்க ஆளுங்கதான். கதவுக்கு வெளிய அவங்க உக்காருவாங்க.”

“சத்தமா மூச்சு விடாதவங்கள அனுப்பு,” என்றாள் தீரில்.

மணி ஒன்று நாற்பத்தெட்டு. வெபியோர்ன் மடிக்கணினியைத் திறந்தார். வந்தாளா என்ற கட்டத்தைத் தொட்டார். அடுத்த கட்டம் அறை எண் கேட்டது. கேட்டுவிட்டு நகரமாட்டேன் என்று நின்றது.

“அறையில்லாம ஏத்துக்காது,” என்றாள் கூரூ பெஞ்சில் படுத்தபடியே. “விதி அப்படி.”

“நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றார் பிளம்பர். குறிப்பில் அவர் பேர் இருந்ததால் அவருக்குச் சொல்ல உரிமை இருந்தது. “கதவு இருக்கு. ஜன்னல் இருக்கு. சூடு வருது. நான் குழாய் போட்ட பாதி அறைங்கள்ல இது மூணும் சேந்தாப்ல கிடையாது. இது அறையில்லன்னா எது அறை?”

“ஓட்டெடுப்பு நடத்தணும்,” என்றாள் கூரூ. விதியை அவள் கைவிடுகிறவள் அல்ல. படுத்த நிலையிலேயே எட்டுக் கைகள் உயர்ந்தன. ஓட்னி கடைக்குள்ளிருந்து இரண்டு கையையும் தூக்கினாள்; அதில் ஒன்று செல்லாது என்று பதிவாயிற்று.

“எண்?” என்றார் வெபியோர்ன்.

“இந்தக் கதவுல நாலுன்னு போட்டிருக்கு,” என்றான் தொர்ஃபின்.

ஒன்று ஐம்பத்தாறுக்குத் திரையில் பச்சைக் குறி விழுந்தது. ஹால்வார் குனிந்து திரையைத் தன் கண்ணால் பார்த்தான்: வந்தாள். அடுத்த சந்திப்பு, திங்கள் பத்து மணி, அறை நான்கு.

“திங்கட்கிழமை கார எடுத்துட்டு வர மாட்டேன்,” என்றார் வெபியோர்ன். “ஒரு வாளி கொண்டு வர்றேன். ஸ்கூல் பேச்ச இப்ப யாரும் எடுக்க வேண்டாம்.” தலைமையாசிரியர் தலையாட்டினார், அது சம்மதமா காற்றா என்று குறிப்பில் இல்லை.

ஹால்வார் மாரெனைக் கூப்பிட்டான். “மூடல,” என்று மட்டும் சொன்னான். மறுமுனையில் அவள் அழுதது கேட்டது. பின்னால் ஒரு கிழவர், யாரம்மா செத்துட்டாங்க என்று விசாரித்ததும், “யாரும் இல்ல, யாரும் இல்ல,” என்று அவள் சொன்னதும் கேட்டது.

மகளின் பெஞ்சில் காலடியில் கொஞ்சம் இடமிருந்தது. அங்கே உட்கார்ந்தான். உடனே எழப்போனான்.

“அப்பா,” என்றாள் தீரில். “நான் இங்கயேதான் இருக்கேன். சும்மா நடிக்காம நெஜமாத் தூங்கு.”

வாயைத் திறந்துகொண்டு, உட்கார்ந்தபடியே, குறட்டையோடு தூங்கினான் ஹால்வார். நாலரை மணிக்குக் காற்று தணிந்து ஃபெரி கரையைத் தொட்டது. ஏழு கார்களும் இறங்கின. அவனை எழுப்பவேண்டாம் என்று தீரில் தொர்ஃபினிடம் சொன்னாள். தன் வாயால், நேருக்கு நேராகச் சொன்னாள். அதற்குப் பின் ஃபெரி ஆறு முறை கடந்தது.

ஹெல்விக்கையும் ஸ்டோர்நெஸ்ஸையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை திறந்து பத்தொன்பது வருடமாகிறது. அது திறந்த அன்றோடு அங்கே ஃபெரி நின்றுபோனது. நான் சொன்னதெல்லாம் நடந்தது போன டிசம்பரில்தான்; ஹெர்ரிங் மீன்கள் இன்னும் வழக்குப் போடவில்லை.